எட்டாவது டிராக்

எட்டாவது டிராக்கில் கிளைவ் இன்னும் உயிரோடு இருந்தான்.

டேப்பில் மொத்தம் பதினாறு டிராக், ஒரு குரலுக்கோ வாத்தியத்துக்கோ ஒன்று. மற்ற பதினைந்தும் நிரம்பிவிட்டன.

ஸ்டூடியோவின் வெளி நடையில் ஷெஃபீல்ட் மெதடிஸ்ட் சபையின் பாடகர் குழு, முப்பது பேர், கம்பளிச் சட்டையும் கையில் பிஸ்கட்டுமாகக் காத்திருந்தது. அவர்கள் குரலைப் பதிய ஒரு டிராக் வேண்டும்.

சேர்ந்திசை கேட்டது இசைத்தட்டுக் கம்பெனியின் ஃபோதர்கில். இசைக்குழுவின் பாடகன் கிளைவ் செத்த ஆறாவது வாரம் முடிகிற இந்த ஆல்பம் அவனுக்கு ஒரு பேராலயமாக நிற்க வேண்டும் என்றார். அதைச் சொல்வதற்கென்றே கறுப்பு டை கட்டி வந்திருந்தார். கிளைவ் இருந்தவரை 'அந்தக் குடிகாரன்' என்பதைத் தவிர வேறு பெயரில் அவனை அழைத்தறியாதவர்.

கிளைவ் நினைவு தெரிந்து தேவாலயத்துக்குள் போனது இரண்டு தடவை. ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று கழிப்பறை தேடி. மூன்றாம் தடவை அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

எட்டாவது டிராக்கில் இருந்தது வழிகாட்டிப் பாட்டு. வரிகள் எழுதும் முன்பே, மெட்டு பிடிபடுவதற்காகப் பாடகன் வாயில் வந்ததைப் பாடி வைப்பான். அசல் பாட்டு பதிவானதும் அதை அழித்துவிடுவார்கள். தொழில் வழக்கம் அதுதான்.

அசல் பாட்டைப் புதுப் பாடகன் பாடி முடித்துவிட்டான். பாவம், கிளைவின் மைக்குக்கு நேராக நிற்கக் கூச்சப்பட்டு ஓரடி தள்ளி நின்றே பாடினான்.

கடைசி இரவு கிளைவின் வாயில் வந்தது பொரித்த மீனும் உருளைக்கிழங்கு வறுவலும். நாலு நிமிடம் வினிகரை நினைத்து உருகியிருந்தான். அதைக் கேட்பதற்கு முன்பே ஃபோதர்கில் பத்திரிகைகளுக்கு, மரணத்தை முன்னுணர்ந்த மகாகலைஞனின் இறுதி வாக்கு என்று எழுதி அனுப்பியிருந்தார். கேட்ட பிறகுதான் அவருக்குச் சேர்ந்திசை யோசனை வந்தது.

டிரம்ஸ் வாசிக்கும் மோரிஸ் தான் கிலுக்கிய டாம்பரின் டிராக்கை அழித்துக்கொள்ளச் சொன்னான். அது இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றான். எந்த டிரம்மரும் தன் வாயால் சொல்லாத வார்த்தை. மீன் வறுவலோ மண்ணாங்கட்டியோ, கிளைவின் கடைசிக் குரல் அவன் மனைவி டோரீனுக்குப் போய்ச் சேர வேண்டும் என்றான்.

டோரீன் வெளியே அந்தப் பாடகர் குழுவில் ஒருத்தியாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

எல்லோரும் கிதார்காரன் நெவிலைப் பார்த்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து கிளைவோடு ஒரே பெஞ்சு. அவன் சொன்னால் ஃபோதர்கில்கூடத் தட்டமாட்டார்.

அடக்கம் முடிந்து ஹாம் சாண்ட்விச் பரிமாறும்போது ஊரே பார்க்க அழுதவன் நெவில். குடித்துவிட்டு மழையில் காரை எடுக்காதே என்று கெஞ்சினேன், சாவியைப் பிடுங்கினேன், நானே கொண்டு விடுகிறேன் என்றேன், கேட்கவில்லையே என்றான். டோரீன்தான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, கோப்பையில் இன்னொரு தடவை தேநீர் ஊற்றினாள்.

இன்று காலை, மற்றவர்கள் வரும் முன், நெவில் ஹெட்போனை மாட்டி எட்டாவது டிராக்கை மட்டும் தனியாகக் கேட்டிருந்தான். பாட்டு முடிந்த பிறகும் மைக்கை அணைக்க மறந்திருந்தார்கள். டேப் இன்னும் அரை நிமிடம் ஓடியிருந்தது. அதையும் கேட்டான்.

இப்போது, வழக்கம் வழக்கம்தான் என்றான். எட்டை அழிக்கச் சொன்னான்.

"நீயெல்லாம் ஒரு மனுசனாடா?" என்று கேட்டுவிட்டு மோரிஸ் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போனான்.

ஒலிப்பதிவாளர் ஸ்டான் நிச்சயம்தானா என்று கேட்டான். நெவில் தலையாட்டினான். கொஞ்சம் பொறுத்து ஸ்டான் இன்னொரு முறை கேட்டான்.

நிச்சயம், பாட்டோடு நிறுத்தாதே, டேப்பின் கடைசி வரை அழி என்றான் நெவில்.

ஸ்டான் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிவப்புப் பொத்தானை அழுத்தினான். நாலரை நிமிடம். எட்டாவது டிராக்கின் ஒலியளவு காட்டும் முள் ஒருதரம்கூட எழும்பவில்லை. நெவிலின் தோள்கள் மெல்ல இறங்கின.

பிறகு பாடகர் குழு உள்ளே வந்தது. ஃபோதர்கில் டையைச் சரிசெய்துகொண்டு பேராலயத்தைப் பற்றி அவர்களுக்கு விளக்க ஆரம்பித்தார்.

நெவில் டோரீனை ஓரமாகக் கூப்பிட்டான். எட்டாவது டிராக்கைப் பற்றிச் சொன்னான். இடம் போதவில்லை, வேறு வழியில்லை, மன்னித்துவிடு என்றான்.

"போனா போகட்டும் நெவில். ஸ்டான் எனக்குக் கேசட்ல எடுத்துக் குடுத்திருக்கான். முழுசா இருக்கு. அந்த மீன் பாட்டு, அப்புறம் அவன் 'நிறையக் குடிச்சிட்டேன்டா, வீட்டுல கொண்டு விட்டுடேன்'னு உன்கிட்டக் கேக்கறது, 'நான் என்ன உன் டிரைவரா, நீயே ஓட்டிட்டுப் போ'ன்னு நீ சிரிக்கிறது, எல்லாம்."

எப்போது கொடுத்தான் என்று நெவில் கேட்டான்.

"அடக்கத்துக்கு மொத நாளு."

அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்துவிட்டு, இரண்டாவது வரிசையில் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள்.