நாயை அனுப்பிடலாம்

லிஃப்டிலும் தோட்டத்திலும் நாய் கூடாது என்ற தீர்மானத்துக்கு முதலில் உயர்ந்தது நாய்க்காரரின் கைதான்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் திகைத்துப்போனார். கட்டடத்தில் இருந்ததே அந்த ஒரு நாய்தான்.

அதுவரை கார் நிறுத்துமிடத்தில் ஒரே வாய்ச்சண்டை. லிஃப்ட் கதவு திறந்ததும் நாயைக் கண்டு தன் மகள் பயத்தில் உறைந்து நின்றதை இரண்டாம் மாடித் தாய் அழாத குறையாகச் சொன்னாள். வாயில்லா ஜீவனுக்கும் காற்று வேண்டாமா என்று ஓய்வுபெற்ற எழுத்தர் மல்லுக்கு நின்றார்.

கை தூக்கியவரின் மனைவி அவர் பக்கத்திலிருந்து மெல்ல எழுந்தாள். நாய்க்கு வாய்மூடி போட்டு, ஏழு மாடியும் படியிலேயே கூட்டிப்போகிறேன் என்றாள்.

அவர் சிரித்தபடி அவள் தோளை அழுத்தி உட்காரவைத்தார்.

"இவ முட்டிவலிக்கு ஏழு மாடி ஏறி இறங்க முடியுமா? யாருக்கும் சங்கடம் வேண்டாங்க. நாயை அனுப்பிடலாம், என் சிநேகிதன் வச்சுக்குவான்."

எல்லோரும் கைதட்டினார்கள். இவ்வளவு பெரிய மனசு யாருக்கு வரும் என்றார் செயலாளர்.

எதிர்வீட்டு அக்கா அவள் கண் கலங்குவதைப் பார்த்துவிட்டாள். பிள்ளை மாதிரி வளர்த்தாய், கஷ்டமாகத்தான் இருக்கும் என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஊசி நூல்கூட வீட்டுக்கே வரவழைத்துத் தருகிற புருஷன், இனி வெயிலில் அலைகிற வேலையும் இல்லை, கொடுத்துவைத்தவள் என்று ஆறுதல் சொன்னாள்.

அவள் தலையாட்டினாள்.

கூட்டம் கலைந்தது. அவர் லிஃப்ட் கதவைப் பிடித்தபடி அவளுக்காகக் காத்திருந்தார்.

அவள் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து அவள் விரலை நக்கியது. அவள் உடம்பு கூசிச் சுருங்கியது.

நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே அவளுக்குக் குலைநடுக்கம். இன்றுவரை அது போகவில்லை.

இருந்தும் நாய் வேண்டுமென்று அடம்பிடித்தது அவள்தான். வீட்டுக்கு அந்தஸ்து என்று அவரும் வாங்கிவிட்டார். ஆனால் தெருவில் குனிந்து அதன் கழிவை அள்ளுவது அவருக்குக் கௌரவக் குறைச்சல்.

நாய் வந்த பிறகுதான், காலையும் மாலையும் கொஞ்ச நேரம், வீட்டுக் கதவின் பூட்டை அவர் அவளுக்காகத் திறந்துவிடத் தொடங்கினார்.