பிளைட் ஏறாதவர்கள்

சசிதரனின் மடியில் கிடந்த சிப்ஸ் பாக்கெட் வெடிக்கிற மாதிரி உப்பியிருந்தது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கும்போது தொளதொளவென்று இருந்த பாக்கெட். மலை ஏற ஏற உப்பும். நீலகிரிக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. வாசுகி நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறாள்.

இன்றைக்குத்தான் அதிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

வேன் பர்லியாறு தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த ஐந்து பேரும் குன்னூருக்கு மேலே ஒரே தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளில் பிறந்தவர்கள். அவரவர் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவர்கள். ராமேஸ்வரம் பக்கம் போய் நான்கு நாள் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள். இன்று காலையில்கூட இரண்டு தடவை கடலுக்கு அடியில் போய்வந்துவிட்டுத்தான் வேன் ஏறினார்கள்.

சசிதரனுக்கு மத்தியானத்திலிருந்து தோள்பட்டை வலி. சிலிண்டர் தூக்கினதால் என்றான். யாரும் கண்டுகொள்ளவில்லை. கொழுந்துக் கூடை சுமந்தவர்களின் பிள்ளைகள். தோள்வலியெல்லாம் அந்த வீடுகளில் ஒரு நோயா?

மலை ஏறத் தொடங்கியதும் கால் மரத்துப்போச்சு என்றான்.

"மடக்கி உக்காந்தா மரக்காம என்ன பண்ணும்?" என்றான் பக்கத்து சீட் விஜயன். "இருவத்தஞ்சு கிலோமீட்டர் நடக்கப் போற காலாடா இது?"

அடுத்த வாரம் சசிதரனுக்கு வனக்காவலர் வேலைக்கான நடைத் தேர்வு. எழுத்துத் தேர்வில் முட்டி மோதி இப்போதுதான் தேறியிருந்தான். இனிமேல் படிக்க ஒன்றுமில்லை. கால்தான் பாக்கி.

வாசுகி அவன் ஷூவைக் கழற்றினாள். சாக்ஸை உருவினாள். கட்டைவிரலை நகம் பதியக் கிள்ளினாள்.

அவன் காத்திருந்தான்.

"கிள்ளு புள்ள. எவ்வளவு நேரம்?"

விரலில் அவள் நகத்தின் தடம் சிவப்பாகத் தெரிந்தது.

அவள் பிசிக்ஸ் படித்தவள். ஆழத்தில் இழுத்த காற்று ரத்தத்தில் கரைந்துகிடக்கும், மெதுவாகத்தான் வெளியே போகும், அதற்குள் அவசரப்பட்டு மேலே வந்தால் சோடா மூடியைத் திறந்த மாதிரி உடம்பெல்லாம் குமிழி என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லியிருந்தார்கள். மேலே என்றால் தண்ணீருக்கு மேலே என்று நினைத்துக்கொண்டார்கள். குன்னூர் ஆறாயிரம் அடி. ஆனால் அங்கே பிறந்தவர்கள் யாரும் அதை உயரம் என்று நினைப்பதில்லை.

அது வீடு.

"எல்லப்பண்ணா, வண்டியத் திருப்புங்க. கீழ போங்க."

டிரைவர் எல்லப்பன் கண்ணாடியில் பார்த்தார். "ஏனுங்க அம்மிணி, ஆஸ்பத்திரி மேலதானுங்க இருக்குது? இன்னும் கொஞ்ச தூரம், குன்னூரு வந்துரும்."

"மேல போகப் போக அவன் ஒடம்புக்குள்ள காத்து உப்புதுங்க. இந்தப் பாக்கெட் மாதிரி. கால் போயிருச்சுன்னா நீங்க வந்து நடப்பீங்களா அவனுக்கு?"

விஜயன் சண்டைக்கு வந்தான். சசிதரனின் அம்மா குன்னூர் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்கிறாள், அவளுக்கு யார் பதில் சொல்வது என்றான். "நீ என்ன டாக்டரா? எதுக்கெடுத்தாலும் மூஞ்சில அடிச்ச மாதிரியே பேசு."

வாசுகி எழுந்து, ஓடுகிற வேனின் கதவைத் திறந்தாள்.

எல்லப்பன் பிரேக்கை மிதித்தார். என்னமோ முனகினார். பலாப்பழக் கடை முன்னால் வண்டி திரும்பியது.

சசிதரனை சீட்டுகளுக்கு நடுவில் மட்டமாகப் படுக்கவைத்தார்கள். கல்லாறு வந்தபோது பாக்கெட் சுருங்கியிருந்தது. கால் அப்படியேதான் இருந்தது.

மேட்டுப்பாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் மாஸ்க் போட்டார்கள். டாக்டர் கோயம்புத்தூருக்கு போன் போட்டு, அழுத்த அறை இருக்கிற ஆஸ்பத்திரியில் இடம் கேட்டார். பையனை ஒரு இரும்பு அறைக்குள் வைத்து, கடலுக்கடியில் இருக்கிற மாதிரி அழுத்தம் ஏற்றிக் குமிழியைக் கரைக்க வேண்டும் என்றார். கால் முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவர் ஒரு கேள்வி கேட்டார். "டைவ் பண்ணினா ஒரு நாளாச்சும் ஒசரத்துக்குப் போகக் கூடாதுன்னு அங்க யாருமே சொல்லலையா?"

சொன்னார்கள்.

காலையில் படகில் வைத்து, பயிற்சி கொடுத்த சில்வஸ்டர் கேட்டார். ஊருக்கு யாராவது பிளைட்டில் போகிறீர்களா, போனால் ஒரு நாள் கழித்துத்தான் ஏற வேண்டும்.

"எங்க மூஞ்சியப் பாத்தா பிளைட்ல போறவங்க மாதிரியா இருக்குது? நாங்க வேன்ல போறவங்க" என்று அவருக்குப் பதில் போனது. படகே சிரித்தது. சில்வஸ்டரும் சிரித்துவிட்டு ஏணிப் பக்கம் போய்விட்டார். வழி நெடுக வேனில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள்.

வாசுகி வாயைத் திறப்பதற்குள் சசிதரன் மாஸ்க்கைத் தூக்கினான்.

"சொன்னாருங்க சார். நாந்தானுங்க கிண்டல் பண்ணிட்டேன்."

டாக்டர் அவனைப் பிடித்துக்கொண்டார். படித்தவன்தானே, புத்தி எங்கே போனது என்று ஆரம்பித்தார். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான். விஜயன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

சில்வஸ்டர் அதைக் கேட்டபோது சசிதரன் படகிலேயே இல்லை. கடைசி ஆளாக இன்னும் தண்ணீருக்குள் இருந்தான்.

பதில் சொன்னவள் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அவன் கட்டைவிரலைப் பிடித்து, முன்பைவிட அழுத்திக் கிள்ளினாள்.

அவன் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.