குடைச்சலின் கடிதம்

“இவளை விட்டுட முடியாது. ஆனா இவளையும் அந்தக் கிழவரையும் பக்கத்துப் பக்கத்துல வெச்சா ஊரே உட்கார்ந்து அழும். நடுவுல சிரிச்ச முகமா ஒருத்தர் வேணும்” என்றார் அவர்.

பந்தியில் ஆள் உட்கார வைக்கும் பேச்சல்ல இது. வானொலி நிலையத்தின் இரண்டாம் பதிவு அறையில், அறிவிப்பாளர் தன் வாராந்திர ஜாஸ், ப்ளூஸ் நிகழ்ச்சிக்குப் பாட்டு பொறுக்கிக்கொண்டிருந்தார். வியாழக்கிழமை பதிவு, சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஒலிபரப்பு என்பது ஒன்பது வருட வழக்கம்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவு அம்மா உட்கார்ந்திருந்தார். கண் ஆபரேஷனுக்காக ஒரு மாதம் விடுப்பில் போனவர் அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார். யாரை எங்கே வைத்தால் என்ன, தனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் கேட்கிறது, ஒலிமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டாமல் பார்ப்பதோடு தன் வேலை முடிந்தது என்றார்.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று அறிவிப்பாளர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். வெளியே சொல்லவில்லை. என்ன இருந்தாலும் அவருடைய குரல் அந்த அம்மாவின் கையில் இருந்தது.

அவருக்குக் கவலை வேறு. செவ்வாய்க்கிழமை மேலிடத்துக் கூட்டம். கேட்பார் இல்லாத நிகழ்ச்சிகளுக்கெல்லாம் அன்றோடு மங்களம் பாடப் போகிறார்களாம். ஃபைலில் புதிதாக ஒரு நேயர் கடிதமாவது இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது, அந்த ஒரு மணி நேரம் அழகுக் குறிப்புக்குப் போய்விடும் என்று நிலைய இயக்குநர் கையை விரித்துவிட்டார்.

நேயர் என்று அவருக்கு வாய்த்ததே ஒருவர்தான். வாரம் தவறாமல் தட்டச்சு செய்த கடிதம் வரும். கீழே ‘ஒரு நேயர்’ என்று மட்டும் இருக்கும். மருந்துக்குக்கூட ஒரு பாராட்டு இருக்காது. பாடகியின் வயதை இரண்டு வருடம் கூட்டிச் சொன்னீர்கள், டிரம்பெட் வாசிப்பு முடியுமுன் பேச வாயைத் திறந்தீர்கள் என்று நொட்டை சொல்லியே பக்கத்தை நிரப்பும் அந்த ஆசாமிக்கு அறிவிப்பாளர் வைத்த பெயர் ‘குடைச்சல்’.

முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. போகப் போக, ‘இதுக்கு என்ன குத்தம் கண்டுபிடிக்கிறான்னு பார்ப்போம்’ என்று அந்த ஒருவனுக்காகவே பாட்டு தேட ஆரம்பித்தார். இப்போது நான்கு வாரமாகக் குடைச்சலின் சத்தமே இல்லை. பல்வலி நின்றுபோனதற்குக் கவலைப்பட்ட முதல் மனிதர் அவராகத்தான் இருப்பார்.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். ஒன்பது வருடத்தில் தெரிந்தே ஒரு தப்புச் சொன்னதில்லை. இன்று சொல்லிவிட வேண்டியதுதான். இரையைக் கட்டிவைத்தால் புலி வராமலா போகும்.

அந்தப் பாடகியின் பாட்டையும் கிழவரின் பாட்டையும் பிரித்து நடுவில் ஒரு துள்ளலான வாத்திய இசையை வைத்தார். சுத்தமான கிளாரினெட். மைக்கை நெருங்கி, “இதுல சாக்ஸபோன் எப்படிக் கொஞ்சுது, கேளுங்க” என்று கூசாமல் சொன்னார். சொன்ன பிறகுதான் கூசியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அம்மா தலை நிமிரவில்லை.

“சரியா வந்துச்சா?” என்று கேட்டார்.

“முள்ளு சரியா இருந்துச்சு சார்” என்றார் அம்மா.

சனிக்கிழமை மாலை நிகழ்ச்சி ஒலிபரப்பானது. ஞாயிறு முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. திங்கட்கிழமை பதினோரு மணிக்குக் கடிதப் பிரிவிலிருந்து ஒரு தாள் வந்தது. உறையைப் பிரித்து, கடிதத்தை அறிவிப்பாளருக்கும் உறையை இயக்குநரின் ஃபைலுக்கும் அனுப்புவது அங்கே வழக்கம்.

‘கிளாரினெட்டைச் சாக்ஸபோன் என்று அறிவித்த அன்பருக்கு’ என்று ஆரம்பித்திருந்தது கடிதம். ‘காது என்பது மூக்குக்கண்ணாடி மாட்டுவதற்காக மட்டும் படைக்கப்பட்டதல்ல.’

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இதைவிட இனிமையான வசவை அவர் வாழ்நாளில் வாங்கியதில்லை. தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்கு ஓடாத குறையாகப் போனார்.

இயக்குநர் படித்துவிட்டுச் சிரித்தார். இது போதும், நிகழ்ச்சி தொடரும், நாளைக்குக் கூட்டத்தில் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். அறிவிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஆயிரம் பேர் வானொலியைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்கட்டும், தனக்கு வாய்த்தவன் ஒருவனானாலும் காதைத் தீட்டிக்கொண்டு சனிக்கிழமை ஆறு மணிக்குக் காத்திருக்கிறவன் என்று பெருமை அடித்துக்கொண்டார். அவனை ஒரு தடவை நேரில் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார்.

இயக்குநர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு ஃபைலைத் திறந்து, அந்தக் கடிதத்தின் உறையை எடுத்து அவர் பக்கம் திருப்பி, அஞ்சல் முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

வெள்ளிக்கிழமைத் தேதி.

அறிவிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அப்போதும் வெள்ளிக்கிழமைதான்.

இயக்குநர் உறையை ஃபைலுக்குள் வைத்து மூடினார்.

“ஒன்பது வருஷமா இதே கதைதான். உங்க ஒலிப்பதிவு அம்மாவை இனிமேலாவது ஒலிபரப்பு முடிஞ்ச பிறகு தபால்ல போடச் சொல்லுங்க.”