கோழிகள் கேட்ட காதல் கதை

படபடபடவென்று வேலியோரம் சரவெடி வெடிக்கத் தொடங்கிய நேரத்தில், மோரக் தன் முதல் முத்தத்துக்காகக் கண்களை மூடியிருந்தாள்.

சித்ராவுக்கு எரிச்சலாக வந்தது. கதையில் எவ்வளவு நல்ல இடம்!

கோழிக் கொட்டகையின் நடுத்தூணில் ஸ்பீக்கர் தொங்கியது. கதை படிக்கும் பெண்ணின் குரல் வெடிச் சத்தத்துக்கு அடியில் போய் அமுங்கிவிட்டது.

கையிலிருந்த முட்டை அட்டையைக் கீழே வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூண்டு வரிசைகளைப் பார்த்தாள்.

போன வருடம் மாரியம்மன் பண்டிகைக்கும் இதே வேலியில்தான் வெடித்தார்கள். சாமி ஊர்வலம் இந்தச் சந்தில் நின்று தேங்காய் பழம் வாங்கும்போது வெடி வைப்பது வழக்கம். எங்கே வைப்பது என்று கை காட்டுகிறவர் தண்டாயுதபாணி. சித்ராவின் கணவன் குமரனுக்கு உடன்பிறந்த அண்ணன். வேலிக்கு அந்தப் பக்கத்துப் பண்ணை அவருடையது.

அன்றைக்குக் கோழிகள் கம்பியில் மோதி மோதிக் கதறின. அரண்ட கோழி முட்டை இடாது. பாதியாகக் குறைந்த முட்டை தேறவேயில்லை. கடைசியில் அத்தனை கோழிகளையும் கறிக்கு ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

'அண்ணனாச்சே' என்று முனகிவிட்டுக் குமரன் லாரியை எடுத்துக்கொண்டு வடக்கே போய்விட்டான்.

தண்டாயுதபாணிதான் துக்கம் விசாரிக்க வந்தார். "சாமிக்கு வெச்ச வெடி அம்மிணி, கோழிக்குத் தெரியுமா? முடியலீன்னா செட்ட எனக்கே குடுத்துப்போடு."

அவருக்கு வேண்டியது அதுதான். இன்னொரு பண்டிகை அப்படிப் போனால் கொட்டகை அவர் கைக்குப் போய்விடும்.

புதுக் கோழிகள் இறக்கியபோது கால்நடை மருத்துவர், ரேடியோ போட்டுவிட்டால் சத்தத்துக்குப் பழகிவிடும் என்றார். ரேடியோவில் பாதி நேரம் நகைக்கடை விளம்பரம். ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வந்த மகள் அபிநயா, "இதக் கேளும்மா" என்று போனில் ஒரு ஒலிப்புத்தகத்தைப் போட்டுக்கொடுத்துவிட்டுப் போனாள்.

பல நூறு வருடங்களுக்கு முந்திய ஸ்காட்லாந்து. பனி மூடிய மலைகள். கட்டம் போட்ட கம்பளி உடுத்திய வீரர்கள். மோரக்கின் அப்பாவைக் கொன்ற குடும்பத்திலேயே அவளைக் கட்டிக்கொடுக்கிறார்கள். கட்டினவன் ஈவன் நல்லவன். அவன் அண்ணன்தான் எமன்.

சித்ராவுக்கு முதல் அத்தியாயத்திலேயே எல்லாம் விளங்கிவிட்டது. பங்காளிச் சண்டைக்கு ஸ்காட்லாந்து என்ன, சேந்தமங்கலம் என்ன!

கோழிகளுக்காகப் போட்டதுதான். ஆனால் ஈவன் மழையில் நனைந்தபடி குதிரையை விட்டு இறங்கும் இடம் வந்தால், தீவனம் அள்ளும் அவள் கை தானாக நின்றுவிடும். கதை முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

அத்தியாயத்துக்கு ஒரு சண்டை. வாள் மோதும், கோட்டைக் கதவு பிளக்கும், பேக்பைப் குழல் அலறும். அங்கெல்லாம் சத்தத்தை முழுசாகத் திருகிவிடுவாள். கோழிகள் முதலில் அரண்டன. பிறகு தலையை மட்டும் தூக்கிப் பார்த்தன. அப்புறம் அதையும் விட்டுவிட்டன.

இப்போது கூரை அதிர்ந்தது. போன வருடத்தைப் போல நாலு பங்கு வெடி.

ஒரு கோழி கழுத்தை நீட்டியது. பக்கத்துக் கோழி அதன் தலையில் ஒரு கொத்து கொத்தியது. இரண்டும் தீவனத்துக்குக் குனிந்துகொண்டன.

சித்ரா விட்ட மூச்சில் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கதையை முத்தத்துக்குக் கொஞ்சம் முந்திய இடத்துக்குத் திருப்பி நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம், புகைக்கு நடுவில், தண்டாயுதபாணி அவள் கொட்டகையையே பார்த்துக்கொண்டு காதைத் தீட்டி நின்றார்.

அலறல் கேட்டது. அவர் முதுகுப் பக்கமிருந்து.

இடத்தை வீணாக்குவானேன் என்று இந்த வருடம்தான் வேலியை ஒட்டி ஒரு புதுக் கொட்டகை போட்டிருந்தார். உள்ளே முட்டைக்கு வரப்போகிற இளங்கோழிகள். அவர் பண்ணையில் ஆள்கள் இருமுவதற்குக்கூட வெளியே போக வேண்டும். அவ்வளவு அமைதியில் வளர்ந்தவை. படுதாவை இறக்கிவிட்டால் போதும் என்பது அவர் கணக்கு. ஒன்றிரண்டு சரத்துக்கு அது போதுமாயிருக்கும். கோயிலில் அடுக்கியிருந்த வெடிப் பெட்டிகளைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. அத்தனையையும் வேலி நெடுகப் போடச் சொல்லிவிட்டார்.

"ஐயா! ஒண்ணு மேல ஒண்ணு ஏறி மிதிக்குதுங்க!" என்று அவர் பண்ணை ஆள் கத்திக்கொண்டே ஓடிவந்தான்.

சரம் இன்னும் பாதிதான் வெடித்திருந்தது. நெருப்பு அவர் கொட்டகையை ஒட்டியே நிதானமாக ஊர்ந்தது. அணைக்கச் சொல்லவும் முடியாது. சாமி எதிரில் நிற்கிறது. ஊரே கைகூப்பி நிற்கிறது.

தண்டாயுதபாணிக்கு முகம் வெளிறிவிட்டது. "ஏனம்மிணி, உன்ற கோழிகளுக்குக் காது கீது கேக்காதா?" என்றார். அவர் துண்டை உதறிக்கொண்டு கோயில் ஆள்கள் பக்கம் திரும்பிக் கத்தினார். "எந்தப் பைத்தியக்காரன்டா கோயிலுக்கு இத்தன வெடிய வாங்கிக் குடுத்தது?"

யாருக்கும் தெரியவில்லை. சித்ரா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மரியாதையாக வேலியருகே வந்தாள்.

"நாந்தானுங்க மாமா, பேரு போட வேண்டாம்னு சொல்லீட்டு இந்த வருச வெடி உபயத்த எடுத்தேன், இன்னும் ரெண்டு பெட்டி மிச்சமிருக்குது, எடுத்தாரச் சொல்லட்டுங்களா?"