218-க்குப் பிறகு

ஐந்து மணி நேரம் நாற்பது நிமிடம்.

காலை ஆறு மணிக்கு அந்த இரத்தப் பரிசோதனை நிலையத்தில் புதிய மென்பொருள் ஓடத் தொடங்கியது. அதை நிறுவ வந்தவள் சுவரோரம் மடிக்கணினியுடன் உட்கார்ந்திருந்தாள்.

பதினொன்று நாற்பதுக்குக் கவுண்டரில் சிரிப்பு.

எழுபது வயது குப்பண்ணன் கையில் ஒரு ரிப்போர்ட். கர்ப்பம் உறுதி என்றது.

"இந்த வயசுல இதை எப்படீங்க வளத்தறது?"

அவள் சிரிக்கவில்லை.

மேலாளர் சென்னியப்பன் சிரிப்பை நிறுத்தினார்.

"ஏம்மா மரகதம், ஸ்டிக்கர மாத்தி ஒட்டிட்டியா?"

"பாத்துத்தானுங்க சார் ஒட்டுனேன்."

"அப்ப குழாய் தானா நடந்து போச்சா?"

மரகதம் பதினொரு வருடமாக இங்கே இரத்தம் எடுக்கிறார். கையுறையைக் கழற்றினார். மறுபடி மாட்டினார்.

அவள் திரையைப் பார்த்தாள்.

பழைய பதிவுகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றிய நிரல் அவளுடையது. பழைய தரவுத்தளத்தின் ஒவ்வொரு நெடுவரிசையிடமும் அது ஒரே கேள்வி கேட்கும்.

உன் எண் தானாக ஏறுகிறதா?

ஆம் என்றால் அந்த எண்ணைக் கொண்டுவராது. புதிய தளம் ஒன்றிலிருந்து தானே எண்ணிக்கொள்ளும்.

பத்துப் பேர் கொண்ட மாதிரியில் சோதித்தாள். பத்தும் பொருந்தின.

அந்தப் பத்துப் பேரில் யாரும் எழுந்து ஓடவில்லை.

நேற்று மாலை ஒருவர் ஓடினார். பெயரைப் பதிந்தார், ஊசியைப் பார்த்தார், படியிறங்கிவிட்டார். மரகதம் அவருடைய பதிவை அழித்தார். அழிக்க வேண்டியதுதான்.

இந்த மாதப் பட்டியலில் 218 காலியானது.

பழைய தளம் அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருந்தது. புதியது நிரப்பியது. 219 ஆக இருந்த பெண் 218 ஆனாள். 220 ஆக இருந்த குப்பண்ணன் 219 ஆனார். பின்னால் நின்ற எல்லோரும் ஓர் அடி நகர்ந்தார்கள்.

குழாய்களில் மட்டும் நேற்று ஒட்டிய பழைய எண். 219 ஒட்டிய அந்தப் பெண்ணின் குழாய், குப்பண்ணன் பெயரில் ரிப்போர்ட் ஆனது.

பதிமூன்று குழாய்கள். ஒன்பது ரிப்போர்ட்டுகள் வெளியே போய்விட்டன.

அதில் ஒன்று, சர்க்கரை 98. ஒரு மணிக்குக் கண் அறுவை சிகிச்சை இருந்த பெண் அதை வாங்கிக்கொண்டு போனாள்.

உண்மையில் அந்தப் பெண்ணின் சர்க்கரை 340.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பு மரகதம். நாளைக்குப் பேசிக்கலாம்."

மரகதம் பையை எடுத்தார்.

கல்லூரியில் வருகைப்பதிவுக்கு 'உள்ளேன்' சொல்லவே கூச்சப்பட்டவள் அவள்.

நாற்காலி தரையில் உராய்ந்தது. எல்லோரும் திரும்பினார்கள்.

"சார், ஸ்டிக்கர் சரியாத்தான் இருக்கு. என் புரோகிராம்தான் தப்பு. 218-க்கு அப்புறம் எல்லாருக்கும் ஒரு நம்பர் மாறிருச்சு. கண் ஆஸ்பத்திரிக்கு உடனே போன் பண்ணுங்க."

சென்னியப்பன் போனை எடுத்தார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது.

மரகதம் பையைக் கீழே வைத்தார். அவள் தோளைத் தொட்டார்.

"இப்பத்தான் கண்டுபுடிச்சியா கண்ணு?"

தலையை ஆட்டினால் போதும்.

மறுமுனையில் யாரோ எடுத்தார்கள். சென்னியப்பன் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இல்லீங்கக்கா," என்றாள். "பழைய லிஸ்ட்ட விடக் கடைசி நம்பர்ல ஒண்ணு கொறஞ்சுது. காலைல ஆறு மணிக்கே பாத்தேன்."