அஞ்சு வருஷ டயர்

"அஞ்சு வருஷத்துக்கு இவ இந்தக் கடை வாசலை மிதிக்கப்பிடாது. அப்படி ஒரு டயரா எடுத்துப் போடுலே."

பால்துரை போட்ட சத்தத்தில், எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"கெட்டி டயரைப் போட்டு, மழையில வழுக்கி, நான் உப்பளத்துக்குள்ள போய் விழணுமாக்கும்" என்று மகள் ஐஸ்வர்யா பதிலுக்கு ஏறினாள்.

முத்துக்கனி சரியான நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பால்துரையின் சிவப்புக் கார் டயர் கடைக்குள் திரும்பியதைப் பார்த்த மாத்திரத்தில், அவளுடைய ஸ்கூட்டியின் பின் சக்கரத்தில் காற்று குறைந்துவிட்டது. இறக்கியது அவள்தான். அதையெல்லாம் பெரிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

வெறும் வேடிக்கைக்கு அல்ல. சாகுபுரத்தில் வேலை பார்க்கும் தன் அண்ணன் மகன் இசக்கிராஜாவுக்கு ஐஸ்வர்யாவைக் கேட்டு வைத்திருந்தாள். "தை பிறக்கட்டும்" என்று பால்துரை சொல்லியிருந்தார். பெண்ணின் வாயிலிருந்துதான் ஒரு சொல் வரவில்லை. அந்தச் சொல்லை வாங்காமல் அண்ணன் வீட்டு வாசலில் ஏற முடியாது. அவ்வளவு பெருமை பேசி வைத்திருந்தாள்.

ஐஸ்வர்யா ஓட்டும் காரைச் சொல்ல வேண்டும். தரையோடு தரையாகக் கிடக்கும். ரெண்டு கதவு, ரெண்டே சீட்டு. வேகத்தடை வந்தால் வயிறு உரசும். நாளைக்கு மாமியார் என்று ஒருத்தி வந்தால் எங்கே உட்காருவாள் என்று முத்துக்கனி தெருவில் எல்லோரிடமும் கேட்டாயிற்று. அந்த அளவு டயரை ஊரில் இந்த ஒரு கடையில்தான் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள்.

கழற்றிப் போட்ட பழைய டயர்கள் திருச்செந்தூரில் முடியிறக்கிய தலைகளாகக் கிடந்தன. அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முந்தித்தான் மாற்றியது, நாலு மாசம்கூட ஆகவில்லை. அதற்குள் எப்படித் தேய்ந்தது?

முத்துக்கனிக்குத் தெரியும். ஐஸ்வர்யா தினமும் விடியற்காலையில் விளாத்திகுளம் வரை ஓட்டிப் போகிறாள். அங்கே எவனாவது இருக்கிறானா என்று, அந்த ஊரில் வாழ்க்கைப்பட்ட சித்தி மகளை விட்டு விசாரித்தாயிற்று. ஒருத்தனும் இல்லை. கடைத்தெருவில் நிறுத்துவாள், ஒரு டீ குடிப்பாள், திரும்பிவிடுவாள். இப்படி ஒரு தங்கமான பிள்ளை கிடைக்காது என்று அன்றைக்கே அண்ணனுக்குப் போன் போனது.

"என் உப்பு லாரி டயரை ரெண்டு தடவை மேல புது ரப்பர் ஒட்டி, ரீட்ரெட் போட்டு ஓட்டுதேன். இதுக்கும் அப்படிப் போடுலேன்னா சிரிக்கான்" என்றார் பால்துரை.

சிரித்தது கடைக்காரன் சுடலைக்கண்ணன். அப்பாவிடமிருந்து கடை வந்தது, அவருடைய வாய் வரவில்லை. கெட்டி டயர் ஒன்றையும் சாஃப்ட் டயர் ஒன்றையும் இரண்டு பக்கமும் நிறுத்தி, நடுவில் மூன்றாவது டயர் மாதிரி நின்றான்.

"ஏலே கண்ணா, விக்கிறவன் நீதானே. நீயே சொல்லேன்" என்றாள் முத்துக்கனி.

அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. "சாஃப்ட்டுதான் அக்கா. சீக்கிரம் தேயும். ஆனா ரோட்டை நல்லாப் பிடிக்கும்."

பரவாயில்லை, யாவாரம் தெரிந்த பயல்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பால்துரை அவனைப் பார்த்த பார்வையில் காரைத் தூக்கியிருந்த ஜாக்கியே இறங்கியிருக்கும்.

இதுதான் சமயம் என்று முத்துக்கனிக்குப் பட்டது. பெண்ணின் பக்கம் நின்றால் பெண் நம் பக்கம் வருவாள்.

"என்ன அண்ணாச்சி, இன்னொரு வீட்டுக்குப் போற பிள்ள. உசுரு பெருசா, டயரு பெருசா? பிள்ள கேட்டதைப் போடச் சொல்லுங்க. வருஷத்துக்கு ரெண்டு தடவை இங்கன வந்து போனா என்ன கெட்டுப்போச்சு?"

பால்துரை வாயைத் திறந்தார். முத்துக்கனியைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

தெருவுக்குள் கஞ்சப்பேர் வாங்க வெட்கம், வேறென்ன.

"என்னத்தையும் போட்டுத் தொலைங்க" என்று வெளியே போய் நின்றுகொண்டார்.

ஐஸ்வர்யா ஓடிவந்து கையைப் பிடித்தாள். "நீங்க நல்லா இருப்பீங்க அத்தை."

அத்தை. முத்துக்கனியின் மனசில் இசக்கிராஜா தாலியே கட்டியாகிவிட்டது. தானே போய் நாலு எலுமிச்சம்பழம் வாங்கி வந்து, புது டயர் நாலுக்கும் அடியில் தன் கையாலேயே வைத்தாள். நாலும் ஒரே நேரத்தில் நசுங்கின. இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா?

அந்த டயர் சித்திரைக்குள் தேய்ந்தது. அடுத்தது ஆவணியைத் தாண்டவில்லை. ஆவணியிலேயே கல்யாணமும் நடந்தது, ஐஸ்வர்யாவுக்கும் சுடலைக்கண்ணனுக்கும். இசக்கிராஜாவுக்கு ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு டீச்சர் அமைந்தாள்.

புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் கோயம்புத்தூரில் பெரிய கடை போடக் கிளம்பினார்கள். ரெண்டு சீட்டும் நிறைந்திருந்தது. எலுமிச்சம்பழத்தைப் பால்துரையே குனிந்து வைத்தார். முத்துக்கனியை யாரும் கூப்பிடவில்லை. இருந்தாலும் அவள் போய்க் கார் ஜன்னலுக்குள் தலையை விட்டாள். அதைக் கேட்காமல் அவளால் சோறு தின்ன முடியாது.

"ஏளா, அப்ப அந்த விளாத்திகுளத்துல யாருதான் இருந்தா?"

"ஒருத்தரும் இல்ல அத்தை. அந்த ரோடுதான் நல்லா சொரசொரன்னு இருக்கும்" என்றாள் ஐஸ்வர்யா.