ஆசை கேட்டவர்கள்

படிவத்தை ஒப்படைக்க இன்னும் இருபத்தாறு மணி நேரம் பத்து நிமிடம் இருந்தது.

காமினி தனக்கென்று எதையும் கேட்க மறுத்தாள்.

பத்து வயது. சுங்கை பினாங் அடுக்குமாடியில் வீடு. ஐந்து மாதமாக இந்த வார்டுதான். கட்டிலின் பொத்தானை அழுத்தித் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், தாழ்த்தினாள், மறுபடி உயர்த்தினாள்.

கடுமையாக நோயுற்ற பிள்ளைகளின் ஆசை ஒன்றை நிறைவேற்றிவைக்கும் அமைப்பு எங்களுடையது. இரண்டு பேராகப் போவோம். பெற்றோரை வெளியே உட்காரவைத்துவிட்டு, பிள்ளையிடம் மட்டும் கேட்போம்.

கேட்பது குணவதி அக்கா. எழுதுவது நான். எனக்கு அதிகம் பேச வராது, அப்படி அமைந்துவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். லங்காவித் தீவுக்குப் பயணம். சைக்கிள். நாய்க்குட்டிகூட. கட்டில் உயர்ந்தது, தாழ்ந்தது.

நாளை மாலை ஆசைகளுக்கு ஒப்புதல் தரும் குழு கூடுகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்தது மூன்று மாதம் கழித்து. அதற்குள் இவளைப் பெரிய சிகிச்சைக்குக் கோலாலம்பூர் அனுப்பிவிடுவார்கள்.

மருந்துச் சொட்டுகளை எண்ணினேன். விட்டேன். மறுபடி எண்ணினேன்.

"இந்த அக்காவதான் என் தம்பிக்குப் பாக்குறோம்," என்று குணவதி அக்கா அவளிடம் என்னைக் காட்டினார். "வாயத் தொறந்து நான் பாத்ததே இல்ல லா. நீயும் இப்படி இருந்தா நான் என்னத்த எழுதச் சொல்றது?"

காமினி சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வருகிறார்கள். தம்பி பெயர் சுகுமாரன். ஜுருவில் கார் விற்கிறார். படத்தில் நல்ல முகம். அதுவரை பழைய கதை எதையும் உளறிவைக்காதே என்று அம்மா இன்று காலைகூடச் சொல்லி அனுப்பினாள்.

காமினியின் அம்மா கதவைத் தட்டினார். சொல்லிவிட்டாளா என்று கேட்கத்தான். குணவதி அக்கா எழுந்து வெளியே போனார்.

காமினி பொத்தானை விட்டாள்.

"இந்த வார்டுல ஹைதர் லேப்டாப் கேட்டான். வந்துச்சு. சலேஹா லங்காவி போனா. கோகிலனுக்கு ட்ரம் செட். இப்ப மூணு பேருமே இல்ல. நான் கேக்கமாட்டேன் அக்கா."

மூன்றுக்கு மூன்று.

இந்தக் கட்டிலில் இருந்து பார்த்தால் கணக்கு சரிதான். பிழைத்தவர்கள் பள்ளிக்கூடம் போய்விடுகிறார்கள். திரும்பி வந்து இங்கே யாரும் முகம் காட்டுவதில்லை. இவள் கண்ணில் படுவது ஒரு பாதி மட்டும்.

உயிரியல் படித்தவள் நான். விட்டுப்போன அந்த மறுபாதியை அவளிடம் விளக்கினேன். அன்றைக்கு நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அப்போதுதான்.

அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு, அப்படியென்றால் ஒரே ஒரு பெயர் சொல்லுங்கள் என்றாள். கேட்டு, கிடைத்து, இன்னும் இருக்கிற ஒரு ஆள்.

பெயர்கள் இருந்தன. பதினாறு கோப்புகளை நானே அடுக்கிவைத்திருக்கிறேன். ஆனால் ஒரு பிள்ளையின் பெயரை இன்னொரு பிள்ளையிடம் சொல்வதில்லை என்று சேரும்போதே கையெழுத்துப் போட்டிருந்தேன்.

நான் எதுவும் சொல்லாததைப் பார்த்து அவளே ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். கட்டில் மறுபடி உயர ஆரம்பித்தது.

குணவதி அக்கா உள்ளே வந்தார். என் மடியிலிருந்த காலிப் படிவத்தைப் பார்த்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். கிளம்பலாம் என்று அர்த்தம்.

அவர் முதலில் வெளியே போவார் என்று காத்திருந்தேன்.

போகவில்லை. கதவைப் பிடித்தபடி எனக்காக நின்றார்.

நான் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

"எனக்கு எட்டு வயசுல இதே சீக்கு, காமினி. இதே வார்டு. நான் மைக்ரோஸ்கோப் கேட்டேன். குடுத்தாங்க. இப்ப எனக்கு இருபத்தஞ்சு."